காடு மூடினால் ஊர் தொலைந்துவிடுமா?

புயலில் பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பலொன்று திருத்த வேலைக்காகத் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டது. 1660 இல் அந்தக் கப்பலின் தலைவரும் அவரது மகன் ரொபேட் நொக்ஸும் உட்பட 16 பேரை, கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் மூதூர்ப் பக்கத்தில் பிடித்துச் சென்றனர். தந்தை சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கழித்து, 1679 இல் ஒரு தோழனுடன் காட்டு வழியாகத் தப்பி, மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681 இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூல், ஐரோப்பியர் இலங்கையின் உட்பகுதியை அறிந்துகொள்ள நெடுங்காலம் உதவியது.

இலங்கைக் காடுகளுக்குள் மறைந்துகிடந்த பழைய நாகரிகத்தை வெளியுலகுக்குச் சொன்ன முதல் ஐரோப்பியர்களுள் நொக்ஸும் ஒருவர். தப்பி ஓடிய வழியில் மல்வத்து ஓயாவின் கரையோரம் நிமிர்ந்து நின்ற கற்றூண்களையும், செதுக்கிய கற்குவியல்களையும், இடிந்த கற்பாலங்களையும் கண்டதாக அவர் எழுதினார். இந்தப் பகுதி பலமுறை எடுத்தாளப்பட்டிருக்கிறது.

அதே பயணத்தில் அவர் எழுதிய இன்னொரு செய்தி அதிகம் பேசப்படுவதில்லை. அனுராதபுரத்தை அடைந்தபோது அங்கே மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கண்டி மன்னனின் குடிகள். ஆனால் பூர்வீகத்தில் 'மலபாரிகள்' என்றும், தான் பேசிய சிங்களம் அவர்களுக்கு விளங்கவில்லை என்றும் நொக்ஸ் குறிப்பிடுகிறார். அக்கால ஐரோப்பியர் தமிழரை அழைத்த பெயர் அது. வடக்கே வன்னியில் கண்டி மன்னனுக்கும் ஒல்லாந்தருக்கும் இடையில் தமிழ் வன்னியன் ஒருவனின் ஆட்சி இருந்ததையும் அவர் பதிவு செய்தார்.

அதாவது நொக்ஸ் காட்டுக்குள் கல்லையும் கண்டார், மனிதரையும் கண்டார். அவருக்குப் பின்னர் வந்தவர்களின் எழுத்தில் கல் பெரிதாகி மனிதர் சிறுத்துப்போயினர். இன்று திருகோணமலை மாவட்டத்தில் தொல்லியலின் பெயரால் எழும் காணிப் பிரச்சினைகளை விளங்கிக்கொள்ள இந்தக் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

காட்டுக்குள் வந்த அதிகாரிகள்

1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்கு வந்தது. அதன் பின்னரே அவர்களது படையினரும் அதிகாரிகளும் வட மத்திய, கிழக்குக் காடுகளுக்குள் தாராளமாக நடமாடத் தொடங்கினர். 1820 இல் லெப்டினன்ட் ஃபேகன் என்ற படை அதிகாரி பொலன்னறுவையின் இடிபாடுகளைப் பார்த்து எழுதினார். 1831 இல் மேஜர் ஜொனதன் போர்ப்ஸ் சிகிரியாவை அடைந்தார். 1840களில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமேர்சன் ரெனன்ற், திருகோணமலைக்கு வடமேற்கே காட்டுக்குள் கிடந்த பதவியாக் குளத்தைப் பார்த்து அதன் பருமனைக் கண்டு வியந்தார். யானை வேட்டைக்கு வந்த சாமுவேல் பேக்கர் போன்றவர்களும் வழியில் கண்ட குளங்களையும் தூண்களையும் பற்றித் தமது வேட்டைக் கதைகளுக்கிடையே எழுதினர்.

இவர்களில் எவரும் தனியாகக் காட்டுக்குள் போகவில்லை. வழி காட்டியவர்களும் மூட்டை சுமந்தவர்களும் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று சொன்னவர்களும் அந்தந்த ஊர் மக்களே. இடிபாடு எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் அழைத்துச் சென்றதால்தான் அதைக் 'கண்டுபிடிக்க' முடிந்தது. நூலில் அதிகாரியின் பெயர் நின்றது. அழைத்துச் சென்றவரின் பெயர் பெரும்பாலும் இல்லை.

இன்னொன்றும் நடந்தது. 1837 இல் ஜோர்ஜ் ரேணர் மகாவம்சத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். பெரிய சாதனைதான் அது. ஆனால் அதற்குப் பின்னர் காட்டுக்குள் கிடைத்த ஒவ்வொரு கட்டடத்தையும் அந்த ஒரு நூலோடு பொருத்திப் பார்ப்பதே வழக்கமாயிற்று. பொருந்தியவற்றுக்கு அரசர்களின் பெயர் கிடைத்தது. பொருந்தாதவற்றில் பலவற்றுக்கு இலக்கம் கிடைத்தது. பொலன்னறுவையில் சோழர் கட்டிய கற்கோயில் இன்றும் பெயர்ப்பலகையில் 'சிவ தேவாலயம் இல. 2' என்றே இருக்கிறது. அதன் சுவரில் உள்ள தமிழ்க் கல்வெட்டோ வானவன்மாதேவி ஈஸ்வரம் என்று பெயரைச் சொல்கிறது. பெயர் தொலையவில்லை. வாசிக்கக்கூடிய எழுத்தில் சுவரிலேயே இருந்தது.

1890 இல் தொல்லியல் ஆய்வுத் துறை தொடங்கப்பட்டு, எச்.சீ.பி. பெல் அதன் முதல் ஆணையாளரானார். அளந்தும் வரைந்தும் படமெடுத்தும் அவரது காலத்தில் நடந்த வேலைகள் இல்லாவிட்டால் இன்று நாம் பேசும் பல சான்றுகள் அழிந்திருக்கும். பொலன்னறுவையில் மண்ணுக்குள்ளிருந்து நடராசர் உள்ளிட்ட வெண்கலச் சிலைகள் வெளிவந்ததும் அவரது காலத்தில்தான். அந்த உழைப்பைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. 'தொலைந்த நாகரிகம்' என்ற சொல்லை மட்டும் சற்று நின்று கேட்க வேண்டும். தொலைந்தது யாருக்கு?

உலகில் இதே கதை

கம்போடியாவின் அங்கோர் கோயில்களை 1860 இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி மூவோ 'கண்டுபிடித்தார்' என்று நெடுங்காலம் எழுதப்பட்டது. ஆனால் அங்கோர் வாட்டில் பௌத்த துறவிகள் தொடர்ந்து வழிபட்டு வந்தனர். போர்த்துக்கேயர் 16 ஆம் நூற்றாண்டிலேயே அதைப் பற்றி எழுதியிருந்தனர். பெருவின் மச்சு பிச்சுவை 1911 இல் அமெரிக்கரான ஹிராம் பிங்கம் அடைந்தபோது, அங்கே விவசாயக் குடும்பங்கள் பழைய படிக்கட்டு வயல்களில் பயிரிட்டு வாழ்ந்துகொண்டிருந்தன. ஒரு சிறுவனே அவரை இடிபாடுகளுக்குள் கூட்டிச் சென்றான்.

மிகக் கசப்பான உதாரணம் ஆபிரிக்காவில் இருக்கிறது. 1871 இல் ஜேர்மானியரான கார்ல் மௌக், 'பெரிய சிம்பாப்வே' எனப்படும் கற்கோட்டையைப் பார்த்தார். இவ்வளவு பெரிய கட்டடத்தை ஆபிரிக்கர் கட்டியிருக்க முடியாது என்று முடிவுசெய்து, விவிலியத்தில் வரும் சேபா நாட்டு அரசியோடு அதைத் தொடர்புபடுத்தினார். 1905 இலும் 1929 இலும் அங்கு சென்ற தொல்லியலாளர்கள் அது ஆபிரிக்கர் கட்டியதே என்று நிறுவினர். ஆனாலும் ரொடீசியாவின் வெள்ளையர் ஆட்சி அந்த உண்மையைச் சொல்ல விரும்பவில்லை. மண்ணின் மக்களுக்கு அங்கே பழைய வரலாறு இருக்கிறதென்று ஒப்புக்கொண்டால், மண்ணின் மீது அவர்களுக்கு உரிமை இருக்கிறதென்றும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். 1980 இல் விடுதலை அடைந்த நாடு அந்தக் கற்கோட்டையின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது.

காட்டுக்கு ஒரு சொந்தக்காரர்

இலங்கையில் ஆய்வாளர்கள் காட்டுக்குள் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், கொழும்பில் ஒரு சட்டம் எழுதப்பட்டது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, குடியிருப்பற்ற நிலம் ஆகியவை முடிக்குரியவை என்று அனுமானித்தது. தனக்குரியது என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும்.

எமது பக்கத்து வாழ்க்கை முறைக்கு இதன் விளைவு என்ன? ஒரு ஊர் என்பது வீடுகள் மட்டுமல்ல. குளம், குளத்தின் கீழ் வயல், மாடு மேயும் தரவை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டிப் பயிரிடும் சேனை, தேனும் விறகும் எடுக்கும் காடு, காட்டுக்குள் ஆண்டுக்கொருமுறை பொங்கல் வைக்கும் கோயில் என்று அது விரிந்து கிடக்கும். இவற்றில் பெரும்பகுதிக்கு உறுதி இருக்காது. ஊராரின் பழக்கமே அதற்கு எல்லை. எழுத்தில் இல்லாத அந்த எல்லை சட்டத்தின் கண்ணில் வெறுங்காடாகத் தெரிந்தது.

ஆய்வாளர் 'தொலைந்த நகரம்' என்று எழுதினார். சட்டம் 'ஆளற்ற நிலம்' என்று எழுதியது. இரண்டும் சேர்ந்தபோது, காட்டுக்குள் இருந்த கல்லும் நிலமும் அரசின் கைக்குப் போக வழி திறந்தது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், தொல்லியல் ஒதுக்கிடங்களை வர்த்தமானி மூலம் பிரகடனப்படுத்தும் அதிகாரத்தை உறுதிப்படுத்தியது. பழைய சின்னங்களைக் காக்க இப்படியொரு சட்டம் தேவைதான். அதை யார், எந்த நோக்கோடு கையாளுகிறார் என்பதே கேள்வி.

பெரியகுளத்துக் கல் சொல்வது

திருகோணமலை நகரத்துக்கு வடமேற்கே பெரியகுளத்தை அண்டிய காட்டில் ஒரு பழைய பௌத்தப் பள்ளி இருக்கிறது. 1929 இல் தொல்லியல் துறையினர் அதை அடையாளம் கண்டனர். 1950களில் அகழ்வு நடந்தது. பாளி மரபில் அதன் பெயர் வெல்கம் விகாரை. ஊர்த் தமிழர் அதை நாதனார் கோயில் என்று அழைத்து வந்தனர். 'கண்டுபிடிக்கப்படும்' முன்னரே அதற்குத் தமிழில் பெயர் இருந்ததென்றால், அந்த இடத்தை மக்கள் மறக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அகழ்வில் வெளிப்பட்ட தமிழ்க் கல்வெட்டுகள் 11 ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத்தவை. அவற்றில் அந்தப் பள்ளிக்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். தமிழ்ப் பெயர் கொண்டவர்கள் அங்கே நந்தா விளக்கு எரிக்கப் பசுக்களைத் தானம் செய்த செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. சைவ மன்னனான சோழனின் பெயர் தாங்கிய பௌத்தப் பள்ளி அது. அதைப் போற்றியவர்கள் தமிழ்ப் பௌத்தர்கள்.

இதற்கு நேர் மாறான சான்று கந்தளாய்ப் பக்கத்தில் பளமோட்டையில் கிடைத்தது. சோழரைப் பொலன்னறுவையிலிருந்து அகற்றிய சிங்கள மன்னன் முதலாம் விசயபாகுவின் காலத் தமிழ்க் கல்வெட்டு அது. கந்தளாயில் இருந்த சிவன் கோயிலுக்கு ஒரு பிராமணப் பெண் தன் கணவரின் நினைவாகக் கொடுத்த தானத்தை அது பதிவு செய்கிறது. அந்தச் சிவன் கோயிலின் பெயர் விசயராச ஈஸ்வரம். தானத்தைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரர் எனப்பட்ட படையினருக்கு உரியது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே மாவட்டத்தில், ஒரே நூற்றாண்டை அண்டி, பௌத்தப் பள்ளிக்குத் தமிழ் மன்னன் பெயர். சிவன் கோயிலுக்குச் சிங்கள மன்னன் பெயர். வடக்கே திரியாயில் இருக்கும் பாறைக் கல்வெட்டோ சமஸ்கிருதத்தில், பல்லவ கிரந்தத்தை ஒத்த எழுத்தில், கடல் கடந்து வந்த வணிகரோடு அந்த இடத்தைத் தொடர்புபடுத்துகிறது. நிலாவெளியில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, திருகோணமலைக் கோயிலுக்கு 250 வேலி நிலம் வழங்கப்பட்டதைச் சொல்கிறது.

துறைமுகத்தை அண்டிய ஒரு தேசத்தில் இப்படித்தான் இருந்திருக்கும். புத்தர் சிலை கிடைத்த இடமெல்லாம் சிங்களவர் மட்டுமே வாழ்ந்த இடம் என்ற முடிவை இந்தக் கற்கள் ஏற்கவில்லை. பௌத்தத் தடயம் எதுவுமே எமது மண்ணில் இருந்ததில்லை என்று எம்மவரில் சிலர் கோபத்தில் சொல்வதையும் அவை ஏற்கவில்லை. அப்படி மறுத்தால், எமது முன்னோரில் ஒரு பகுதியினரையே நாம் கைவிட்டு, அவர்கள் விட்டுச்சென்ற கல்லை மற்றவரிடம் எழுதிக் கொடுப்பதாகிவிடும்.

கோயில் இடிந்தது, பூசை நிற்கவில்லை

கோணேசர் கோயிலின் கதையும் இதையே சொல்கிறது. 1620களில் போர்த்துக்கேயர் அதை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். பின்னர் ஒல்லாந்தரும் பிரித்தானியரும் அந்தக் கோட்டையில் இருந்தனர். கட்டடம் இல்லாமற்போன காலத்திலும் மக்கள் சுவாமி மலையின் உச்சிக்கு வந்து கடலைப் பார்த்துப் பூசை செய்ததையும், பூவும் பழமும் கடலில் இட்டதையும் ஆங்கிலேயரே எழுதி வைத்திருக்கின்றனர்.

1950 இல் நகரசபையினர் கிணறு வெட்டியபோது, மண்ணுக்குள் புதைத்து வைக்கப்பட்டிருந்த தெய்வச் சிலைகள் வெளிவந்தன. இடிக்க வருகிறார்கள் என்று தெரிந்து யாரோ காப்பாற்றிப் புதைத்தவை அவை என்றே ஊர் நம்புகிறது. 1956 இல் எழுத்தாளர் ஆதர் சீ. கிளார்க்கும் அவரது தோழர் மைக் வில்சனும் மலையடிவாரக் கடலுக்குள் சுழியோடி, பழைய கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். உலகுக்கு அது புதுச் செய்தி. மூன்று நூற்றாண்டுகளாக அந்தக் கடலை நோக்கிக் கும்பிட்டவர்களுக்கு, தாம் அறிந்திருந்ததற்குக் கிடைத்த சான்று. 1963 இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது.

எமது கண்முன்னே காடான ஊர்கள்

ஒரு நகரம் காடாக எவ்வளவு காலம் எடுக்கும் என்று பழைய ஆய்வாளர்கள் ஊகித்தார்கள். குளம் உடைந்தது, வாய்க்கால் தூர்ந்தது, படையெடுப்பு வந்தது, மலேரியா பரவியது என்று காரணங்களை எழுதினார்கள். திருகோணமலை மக்களுக்கு அந்த ஊகம் தேவையில்லை. நாம் அதைப் பார்த்தவர்கள்.

மாவட்டத்தின் வடக்கு எல்லையில் உள்ள தென்னமரவாடி மக்கள் 1984 டிசெம்பரில் படுகொலைகளுக்குத் தப்பி ஊரைவிட்டு ஓடினர். திரும்பி வர ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆயிற்று. மூதூர் கிழக்கில் சம்பூர் மக்கள் 2006 இல் எறிகணைக்குத் தப்பி ஓடியவர்கள். நிலம் விடுவிக்கப்பட ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் காத்திருந்தனர். இப்படித் திரும்பியவர்கள் வீட்டைத் தேடிப் போகவில்லை, காட்டுக்குள் கிணற்றைத் தேடிப் போனார்கள். மாமரத்தை வைத்து வளவை அடையாளம் கண்டவர்கள் உண்டு. கோயிலின் அத்திவாரக் கல்லை வைத்து ஒழுங்கையை அடையாளம் கண்டவர்களும் உண்டு.

இருபது ஆண்டு போதும், ஒரு ஊர் இடிபாடாக. அந்தக் காலத்தில் அந்த வழியாக வந்த ஒரு அதிகாரி, ஆளில்லாக் காடு என்றும் அடையாளம் தெரியாத கற்கள் என்றும் தன் கோவையில் எழுதினால் அதை மறுக்க அங்கே ஆளிருக்காது. ஊரவர் முகாமில் இருப்பார்கள், அல்லது கடல் கடந்திருப்பார்கள். தென்னமரவாடியின் கந்தசாமி மலை பின்னர் தொல்லியல் சர்ச்சைக்குள் சிக்கியதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

2019 இல் கன்னியா வெந்நீர்க் கிணறுகளை அண்டிய பிள்ளையார் கோயில் நிலத்தில் பௌத்த தூபி அமைக்கும் முயற்சிக்கு எதிராக மக்கள் திரண்டனர். விடயம் நீதிமன்றம் சென்றது. 2020 யூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைகளுக்கென சனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டது. அதன் தலைவர் பாதுகாப்புச் செயலாளர். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அந்தச் செயலணியில், நியமிக்கப்பட்டபோது ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இருக்கவில்லை. 2023 செப்டெம்பரில், குருந்தூர்மலை வழக்கை விசாரித்த முல்லைத்தீவு நீதிபதி உயிர் அச்சுறுத்தலைக் காரணம் காட்டிப் பதவி விலகி நாட்டை விட்டே வெளியேறினார்.

நாம் செய்யக்கூடியது

சட்டமும் அரசியலும் எமது கையில் முழுதாக இல்லை. சாட்சி எமது கையில் இருக்கிறது. நொக்ஸின் காலத்திலிருந்து நடந்ததைப் பார்த்தால், எழுதி வைத்தவரின் பக்கமே வரலாறு சாய்ந்திருக்கிறது.

காணியிலோ காட்டிலோ பழைய கல், செங்கல், சிலை, எழுத்து எது கிடைத்தாலும் அதை உடைக்கவோ இடம் மாற்றவோ வேண்டாம். அது சட்டப்படி குற்றம். அதோடு, கல் கிடந்த இடமே அதன் பாதிச் சாட்சி. இடம் மாறினால் அதை வைத்து எதையும் நிறுவ முடியாது. கிடந்தபடியே படமெடுத்து, நாளும் இடமும் குறித்து, பல்கலைக்கழக வரலாற்றுத் துறையினருக்குத் தெரியப்படுத்தலாம். எழுத்து எந்த மொழியில் இருந்தாலும் அது எமக்கு எதிரியல்ல.

கோயில் கணக்கேடு, திருவிழா அறிவித்தல், பழைய உறுதி, வரிப் பற்றுச்சீட்டு, பாடசாலை இடாப்பு, கிராம சேவையாளரின் கடிதம் ஆகியவற்றின் பிரதிகளை ஒரே வீட்டில் வைக்காமல் இரண்டு மூன்று இடங்களில் வைத்திருக்க வேண்டும். போரில் இவற்றை ஒரேயடியாக இழந்த குடும்பங்கள் எத்தனை என்பது எமக்குத் தெரியும். தொல்லியல் ஒதுக்கிடம் பற்றிய வர்த்தமானி அறிவித்தல்களை ஊர்ச் சங்கங்கள் தொடர்ந்து பார்த்து வருவதும் அவசியம். அறிவித்தல் வந்து காலம் கடந்த பின்னர் எழும் எதிர்ப்புக்கு வலு குறைவு.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர்ப் பெயர்களை எழுதி வையுங்கள். எந்தக் குளத்துக்கு என்ன பெயர், எந்த மேட்டில் எந்தச் சாமி, எந்த மரத்தடியில் எப்போது பொங்கல் என்பதை வயது போனவர்களிடம் கேட்டு எழுதுங்கள், குரலிலும் பதியுங்கள். 1984 இல் இளவயதினராக ஓடியவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டார்கள். புலம்பெயர்ந்த நாடுகளில் இருப்பவர்கள் தொலைபேசியிலேயே இந்த வேலையைத் தொடங்கலாம். பெரியகுளத்துப் பள்ளியை ஊர் அறிந்திருந்தது என்பதற்கு இன்று எம்மிடம் இருக்கும் சான்று, நாதனார் கோயில் என்ற அந்த ஒரு பெயர்தான். யாரோ அதைக் கேட்டு எழுதி வைத்ததால் அது எமக்குக் கிடைத்தது.